படத்தில் கலாவின் முதுகு

செப்டம்பர் 11, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். ஜெலாப்பாங் தொழிற்பேட்டைப் பக்கம் வானம் கறுத்தது. மழை இல்லை. துணியை எடுத்து உள்ளே போட்டு, மறுபடி வெளியே போட்டு, மறுபடி உள்ளே.

வேலைகள்: அம்மாவின் பிரஷர் மாத்திரை. காஸ். கல்லூரி நூலகத்தில் புதுப் புத்தகங்களுக்கு எண் ஒட்டுவது. (யாரும் தொடப்போவதில்லை. இருந்தாலும்.)

தங்கை கலாவிடமிருந்து குரல் செய்தி. எப்போதும் ஓடிக்கொண்டே பேசுகிற மாதிரி: "அக்கா, படம் வந்திருச்சு! ஈப்போவுலயும் ஓடுதாம். சண்டையெல்லாம் நாந்தான், மூஞ்சி மட்டும் அந்த ஹீரோயினோடது. அம்மாவ ஒரு தடவ கூட்டிட்டுப் போறியா? எங்கிட்ட பேச வேணாம். பார்த்தா போதும்லா."

அம்மா அடுப்படியில். குழாய்ச் சத்தம் நின்றது. செய்தி முடிந்ததும் மறுபடி தண்ணீர். ஐந்து வருஷமாக இப்படித்தான் கலாவின் குரலைக் கேட்கிறாள். ஒரு வார்த்தை பதில் கிடையாது.

கலா தாய்லாந்துக்குச் சண்டை கற்கப் போகிறேன் என்று பையோடு நின்ற அன்று அம்மா சொன்னது: "சயாமுக்குப் போனவங்க யாரும் வந்ததில்ல." அவ்வளவுதான். அம்மாவின் தாத்தாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போட லகாட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிப் போனார்கள். எங்கே செத்தார், என்றைக்குச் செத்தார், தெரியாது. திதிகூட பொதுவாக ஆடி அமாவாசைக்கு. இந்த வீட்டில் தோம்யாமுக்குக்கூட 'அந்த ஊரு சூப்பு' என்றுதான் பெயர்.

செப்டம்பர் 12, வெள்ளி

மழை, ஒருவழியாக. காசிம் பாய் கடையில் ஒதுங்கினேன். பாய் அந்தத் தாய்லாந்துப் படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டாராம். ரொட்டிக் கல்லை விட்டுவிட்டு முட்டியைத் தூக்கிக் காட்டுகிறார்.

"கயிறு இல்ல, கம்ப்யூட்டர் இல்ல, அக்கா. முட்டி மோதுனா மோதுனதுதான். நம்ம படத்துல ஒருத்தன் கைய ஓங்குனா நாப்பது பேரு பறப்பான். இதுல அடிச்சவளுக்கும் வலிக்குதுலா!"

மூலை மேசை லாரிக்காரர்: "பாய், மொதல்ல ரொட்டியத் திருப்புங்க. கருகுது."

"கருகட்டும் மச்சான். ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுற பொண்ணு, தலையில வெளக்கு கட்டிக்கிட்டு... நம்ம தோட்டத்து ஆளு மாதிரியே இருக்கா."

என் தங்கைதான் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பாயிடம் சொல்வதும் ஜெலாப்பாங் முழுக்க மைக் கட்டிச் சொல்வதும் ஒன்று.

வீட்டில் அம்மாவிடம் கலாவைப் பற்றிப் பேசவில்லை. பால்மரத்தைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"பால் வெட்டுறதையா படம் எடுத்திருக்கான்? நாங்க வெட்டுனப்ப ஒருத்தனும் எட்டிப் பாக்கல."

சாப்பிட்டோம். தட்டுக் கழுவும்போது, முதுகைக் காட்டிக்கொண்டே: "ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயிட்டு அப்படியே போலாம்."

செப்டம்பர் 14, ஞாயிறு

பார்த்துவிட்டு வந்தோம். வரிசையாக எழுத வரவில்லை. எப்படி வருகிறதோ அப்படி.

முதல் காட்சி. விடியாத இருட்டு, நெற்றியில் விளக்கு, ஒரு பால்மரம். கத்தி பட்டையில் இறங்குகிறது, பின்னாலேயே வெள்ளைக் கோடு. இவ்வளவு பெரிய திரையில் ஒரு பால்மரம். முப்பது வருஷம் அம்மா செய்த வேலை. சண்டைப் படத்தின் நாயகிக்கு அந்த வேலை! அம்மா உரக்கச் சொன்னாள்: "நல்லா வெட்டுறா. மரத்துக்குக் காயம் படல." முன் வரிசைச் சீன அம்மா திரும்பிப் பார்த்தார்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. தோட்டத்தை விழுங்க வருகிற கூட்டம், குறுக்கே நிற்கிற ஒருத்தி.

ஆனால் சண்டைக்கு முன்னால் அவள் செய்தது. கோயில் திருவிழா, கயிறு கட்டிய மேடை. தலையில் ஒரு வளையம், புஜத்தில் முடிகயிறு. மண்டியிட்டு, எதிரே இல்லாத குருவை நோக்கித் தரை தொட வணங்குகிறாள். எழுந்து மெதுவாக, ஆட்டம் போல, நான்கு மூலைக்கும் போகிறாள். அரங்கில் பாப்கார்ன் சத்தம்கூட இல்லை. மலாய்ப் பிள்ளைகள், சீனக் குடும்பங்கள், நாங்கள், எல்லாருக்கும் எப்படியோ புரிந்திருந்தது. கலா பள்ளித் திடலில் சிலம்பக் கம்பைத் தொடுமுன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவாள். அதேதான். அடிக்கப் போகிறவள் முதலில் குனிகிறாள்.

பிறகு ரப்பர் பால் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் சண்டை. முழங்கை, முழங்கால். எலும்பின் சத்தம். ஒரு இடத்தில் முட்டியை நெஞ்சுவரை மடித்து எழும்பியவள் அந்தரத்தில் அப்படியே நின்றாள். நின்றாள் என்றுதான் எழுத வேண்டும்.

முன்பக்கம் தெரிந்தால் நடிகை. திரும்பினால் கலா. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அம்மா என் கையை இடித்தாள்.

"இது."

கொஞ்சம் கழித்து: "இது இல்ல."

"இது. இது. இது இல்ல."

மலாய் வசனவரிகள் கீழே ஓடின. அம்மா ஒன்றையும் படிக்கவில்லை. நான் கலா என்ற பெயரையே எடுக்கவில்லையே! எல்லாம் குழாயை மூடிக் கேட்டதுதான்.

கடைசியில் கொட்டகைக் கூரையிலிருந்து விழுகிறாள். தகரம் பிளந்து, சிமெண்டுத் தரையில். காமிரா வெட்டாமல், கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. அரங்கே மூச்சிழுத்தது. கிடக்கிறாள்.

"எந்திரி," என்றாள் அம்மா. ரகசியமாக. "எந்திரிடி."

எழுந்தாள். முதுகைக் காட்டியபடி மரங்களுக்குள், இருட்டுக்குள் போனாள், இடது காலை இழுத்து இழுத்து. கைதட்டல், விசில். பின்னாலிருந்து யாரோ: "மச்சான், நடிப்பப் பாரு! நெசமாவே நொண்டுற மாதிரியே!"

அம்மா கைதட்டவில்லை.

காரில் அம்மா, சிவப்பு விளக்கில் நின்றபோது: "அது நடிப்பு இல்ல. கட்டவெரல உள்ள மடிச்சுக்கிட்டா."

சின்ன வயசில் கலா விழுந்துவிட்டு வலியைச் சொல்லாமல் நிற்கும்போது அப்படித்தான், கட்டைவிரல் கைக்குள். எனக்கும் தெரிந்திருந்த விஷயம். மறந்தே போனது.

செப்டம்பர் 15, திங்கள்

லீவு. அம்மா காபி குடித்து முடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு: "அவளக் கூப்புடு. மூஞ்சி தெரியிற மாதிரி."

போனைச் சம்பல் பாட்டிலில் சாய்த்து வைத்தேன். கலா வந்தாள். இளைத்திருந்தாள், தலைமுடி ஒட்ட வெட்டு. என்னை எதிர்பார்த்தவள், அம்மாவைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா..."

"எந்திரிச்சு நட."

"என்னம்மா?"

"ஜன்னல் வரைக்கும் நட. நான் பாக்கணும்."

"அய்யோ, அது படத்துக்கும்மா! சும்மா நடிப்புலா."

"நட."

நடந்தாள். போகும்போது நன்றாகத்தான் இருந்தது. திரும்பும்போது சுவரைப் பிடித்தாள். கட்டைவிரல் உள்ளே.

பிறகு எல்லாம் வந்தது. அந்த விழுதலில் குதிகால் எலும்பு உடைந்திருக்கிறது. காமிரா ஓடுகிறதே என்று எழுந்து நடந்திருக்கிறாள். நாங்கள் பார்த்தது அந்த நடையைத்தான். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது, அடுத்த வாரம் ஹாட்யாயில் ஆபரேஷன். கூட யாரும் இல்லை.

"ஏண்டி சொல்லல?" என்றேன் நான்.

"சொன்னா, பாத்தியா சயாம்னு சொல்லுவாங்கன்னு..."

அம்மா அதைச் சொல்லவில்லை. "சோறு யாரு ஆக்குறா?" என்றாள்.

"கடையிலதாம்மா."

"அந்த ஊரு சூப்பா?"

கலா சிரிக்க ஆரம்பித்து, நடுவில் அழுதாள். நான் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

வெயில். அம்மாவுக்கு முதல் பாஸ்போர்ட். போட்டோவில் காது தெரிய வேண்டுமாம், கொண்டையை இரண்டு முறை இறுக்கினாள். கௌண்டரில் மலாய்ப் பெண், எங்கே போகிறீர்கள் மக்சிக் (அத்தை) என்று சிரித்துக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தானே, தெளிவாக: "சயாம்."

காரில் பெல்ட்டை மாட்டிவிட்டேன். பயமா இல்லையாம்மா என்று கேட்டேன்.

"தாத்தாவ யாரும் தேடிப் போகல." வெளியே பார்த்துக்கொண்டே. "போகவும் முடியலதான். இவளுக்கு நான் போலாம்ல."

எடுத்துப் போக: மிளகாய்த்தூள், புளி, சின்னக் குக்கர், அம்மாவின் மாத்திரை, கைத்தடி (கலாவுக்கு, அவள் கேட்டால் அம்மாவுக்கென்று சொல்ல வேண்டும்). வெள்ளிக்கிழமை பஸ். எனக்கும் ஒரு சீட்டு.

வழியில் ரொட்டி கட்டிக்கொள்ளக் காசிம் பாய் கடை. பாய்க்கு அம்மாவைப் பார்த்ததும் உற்சாகம். "நீங்களும் பார்த்துட்டீங்களாம்மா? அந்தப் பொண்ணு மேலேருந்து விழுந்துட்டு எந்திரிச்சு நடப்பா பாருங்க, அந்த முதுகு..."

"அது என் மக," என்றாள் அம்மா.

பாய் கரண்டியோடு நின்றார். லாரிக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். கல்லில் ரொட்டி கருகியது, இன்றைக்கு யாரும் சொல்லவில்லை.