எட்டாக வெட்டிய துண்டு

என்னங்க,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அத்தைக்கு இருமல் நின்றதா? சின்னவள் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாளா?

அனுசரித்துப் போ என்று எழுதியிருந்தீர்கள். போகவில்லை.

எங்கள் விடுதி அறையில் எட்டுப் பேருக்கும் கை துடைக்க ஒரே துண்டு. ஒருத்திக்குச் சளி பிடித்தால் எட்டு மூக்கையும் சுற்றிவிட்டுத்தான் ஓயும். சொல்லிப் பார்த்தேன், எவளும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தையற்கூடத்தில் நாள் முழுக்கத் துணி வெட்டுகிறவளுக்கு இது பெரிய காரியமா? துண்டை எட்டாக வெட்டி, ஆளுக்கொரு நிற நூலில் ஓரம் அடித்து மாட்டிவிட்டேன்.

அறையில் மூத்தவரான பெரியக்கா குதித்தார். "இத்தனை வருஷமா ஒரே துண்டுல தொடைச்சோமே, செத்தா போயிட்டோம்?"

"சாகல. மூக்கைச் சிந்திக்கிட்டே இருக்கோம்" என்றேன். அதோடு விடாமல், காய்ச்சல் வந்தவள் ஜன்னலோரக் கட்டிலில் தனியாகப் படுக்க வேண்டும், யாரும் கிட்டே போகக் கூடாது என்றும் சட்டம் போட்டேன்.

அந்தக் கட்டிலில் முதலில் படுத்தது நான்தான். பயப்படாதீர்கள், லேசான காய்ச்சல், இறங்கிவிட்டது. பெரியக்கா வெந்நீரை எட்ட வைத்துவிட்டு, "உன் சட்டம்தாண்டி, அனுபவி!" என்று சிரிக்கிறார். அனுபவிக்கிறேன். நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஆளில்லை. அதற்காகச் சட்டத்தை மாற்ற மாட்டேன்.

கைக்குட்டை போதவில்லை. நீங்கள் போட்டுக் கழற்றிய பழைய நீலச் சட்டையைக் கிழித்து நாலு துணி அனுப்புங்கள். ஓரம் நான் அடித்துக்கொள்கிறேன்.

வெந்நீர் ஆறுகிறது, முடிக்கிறேன். கிருமி என்று எனக்கே பாடம் எடுக்காமல், அந்தச் சட்டையைத் துவைக்காமல் அனுப்புங்கள்.

உங்கள் பிடிவாதக்காரி