தர்ஷினிக்கு எடுத்த துணி

இன்று காலை எங்கள் லைனில் ஊசி உடைந்தது. நீ உட்கார்ந்திருந்த மெஷினுக்குப் பக்கத்து மெஷின். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கைக்குக் கிடைக்கும் வரை கம்பெனியில் ஒரு தையல்கூட ஓடக் கூடாதே. சூப்பர்வைசர் கை தட்டியதும் அத்தனை மெஷினும் நின்றது. காந்தத்தை எடுத்துக்கொண்டு நாங்கள் தரையில் முட்டி போட்டோம். அயர்ன் டேபிள் பக்கமிருந்து ஆவி பட்ட பருத்தியின் வாசனை வந்துகொண்டிருந்தது. தைத்துக்கொண்டிருந்தது குழந்தைகள் கவுன். இளமஞ்சள், முட்டிக்குக் கீழே வரும் நீளம், இரண்டு பக்கமும் பை, கழுத்தில் உறுத்தாத பட்டி. ஆறு வயது அளவு. எந்த நாட்டுக் குழந்தை போட்டுக்கொள்ளப் போகிறதோ தெரியாது.

குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது உன் குரல்தான் காதில் விழுந்தது. ஒவ்வொரு முறை ஊசி உடையும்போதும் முணுமுணுப்பாயே: "அந்தப் புள்ள நல்லா இருக்கட்டும்டி, நா வேணான்னு சொல்லல. எம்புள்ளைய ஊசி குத்தினா எவன்டி லைன நிறுத்துவான்?"

முனை கிடைத்துவிட்டது. மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. எனக்குத்தான் நாள் முழுக்கக் கை ஓடவில்லை. போய்ச் சேர்ந்தவளுக்குக் கடிதம் எழுதுவதைப் பார்த்தால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். உன்னிடம் சொல்லாமல் எனக்கு எந்தச் சண்டையும் முடிந்ததாகத் தோன்றியதில்லை. இப்போது ஒரு சண்டை நெஞ்சில் அப்படியே நிற்கிறது.

உன் தர்ஷினியின் மூன்றாவது பிறந்தநாள் உனக்கு மறந்திருக்காது. கும்மிடிப்பூண்டி பஜாரில் ஆசை ஆசையாக ஒரு கவுன் எடுத்தாய். ரோஸ் கலர் நெட், இடுப்பைச் சுற்றி ஜிகினா. கேக் வெட்டுவதற்குள் பிள்ளை கழுத்தையும் கக்கத்தையும் பிறாண்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். கழற்றிப் பார்த்தால் தோலெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவப்பு. இடுப்பு லேசுக்கு உள்ளே ஒரு குண்டூசியின் பாதி. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாய். அப்போதே எனக்குத் தெரியும், மறுநாள் அந்தக் கடைக்காரன் தொலைந்தான் என்று.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல் கடைக்குப் போனாய். பின்னாலேயே நான். கடைக்காரன் நல்ல மனுஷன்தான், மாற்றித் தருகிறேன் என்று வேறு கவுன்களை எடுத்துப் போட்டான். நீ ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பினாய், தையலில் விரலை ஓட்டினாய், பிறகு நம் கை சும்மா இருக்குமா, பட்டனைப் பிடித்து ஒரு இழு. கம்பெனியில் ஒரு நாளைக்கு எத்தனை பட்டனை அப்படி இழுத்துப் பார்க்கிறோம். அங்கே எதுவும் வராது. இங்கே கையோடு வந்துவிட்டது.

"இன்னாக்கா, நல்லா இருந்த பட்டன புட்டுக்கினு நிக்கிற? இத்த இனிமே யாரு வாங்குவா?"

"நா இன்னா கோடாலியா போட்டேன்? ரெண்டு வெரலால தொட்டேன். இது புள்ள வாயில போச்சுன்னா நீ வந்து எடுப்பியா?"

"புள்ளைங்க பட்டன துன்னுமா?"

"துன்னும். உன் ஊட்ல புள்ளைங்க கீதுங்களா இல்லியா?"

கூட்டம் கூடிவிட்டது. கூடிய கூட்டத்தில் ஒருத்தர்கூட உன் பக்கம் பேசவில்லை. கடைசியில் பட்டன் இல்லாத அந்த கவுனைத்தான் நம் தலையில் கட்டி அனுப்பினான். ரயிலில் வரும்போது பாதி அழுகையும் பாதி சிரிப்புமாக இருந்தாய். அந்த கவுன் உங்கள் வீட்டு மிக்ஸிக்கு உறையாகப் போனது. "மிக்ஸிக்கு நல்லாத்தான்டி கீது, அதுக்கு அரிக்காது" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாய்.

நாம் அப்படி என்ன கேட்டுவிட்டோம். வியர்வையை உறிஞ்சுகிற துணி. உட்கார்ந்தால் எழுந்தால் பிள்ளை இழுத்து விட்டுக்கொள்ள வேண்டாத நீளம். கழுத்தைச் சுற்றிக் கயிறு தொங்காமல் இருந்தால் போதும், பட்டன் பட்டனாக இருந்தால் போதும். "ஆறு வயசுக்கு ஆறு வயசு துணி குடுங்க, இருபது வயசு துணிய சின்னதா வெட்டிக் குடுக்காதீங்க" என்பாய். இதைக் கேட்டால் கடையில் நம்மைப் பட்டிக்காடு என்று பார்த்தார்கள்.

நீ காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாமல் போனதில் இருந்து ஒரு வருஷம் உன் வீட்டில் புதுத்துணி இல்லை. தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. தர்ஷினிக்குப் பள்ளிக்கூட யூனிபாரமும் பழைய துணியும்தான். பிள்ளை வளர வளர, நீ மடித்துத் தைத்து வைத்திருந்த ஓரங்களை நான் ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டேன். கடைசி மடிப்பும் பிரிந்து, அதற்கு மேலும் அவள் வளர்ந்துவிட்டாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவள் எதையும் கேட்பதை விட்டுவிட்டாள். தோசையா இட்லியா என்றால், "எது குடுத்தாலும் சரி." ஊஞ்சலா சறுக்குமரமா என்றால், "எதுனா சரி." கடையே தனக்கு வேண்டும் என்று தரையில் உருண்டவள் உன் மகள். அந்தப் பிள்ளை எங்கே போனாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

போன வாரம் உன் வீட்டுக்காரர் வந்து வாசலிலேயே நின்றார். சுமங்கலியாகப் போனவள் என்பதால் உன்னைப் பூவாடைக்காரியாக, வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிட்டு வெள்ளிக்கிழமை படையல். அன்று உன் படத்துக்கு முன்னால் புதுத்துணி வைத்து, அதைப் பிள்ளைக்குப் போட்டு விட வேண்டும். "பாப்பாக்கு துணி நீங்களே பாத்து எடுத்துடுங்க. எனக்கு ஒண்ணும் புரியல" என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா போன பிறகு அந்தப் பிள்ளை போடப் போகிற முதல் புதுத்துணி. இதையாவது அவள் தன் வாயால் கேட்டுப் போட வேண்டும் என்று நான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு கவரைப்பேட்டை ரோட்டோரக் கடைகளில் ஆரம்பித்தேன். அப்புறம் ரயில் ஏறிக் கும்மிடிப்பூண்டி பஜார். நீ பார்த்ததெல்லாம் ஒன்றுமில்லை. இப்போது தோள் இல்லாத சட்டை, வயிறு தெரிகிற சட்டை, முதுகில் இரண்டு நாடா மட்டும் வைத்த சட்டை. ஒன்றில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, பிள்ளைக்குப் படிக்கத் தெரியுமே என்று அவசரமாகத் திருப்பி வைத்தேன். இன்னொன்றைக் கையில் எடுத்தால் மார்புப் பக்கம் கெட்டியாக இருந்தது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதை வரைந்தவன் ஒருத்தன், வெட்டியவன் ஒருத்தன், தைத்தவள் நம்மைப் போல ஒருத்தி, மூட்டை கட்டியவன், வாங்கி மாட்டியவன், இத்தனை பேர் கை மாறி வந்ததில் ஒருத்தருக்குக்கூட இது குழந்தை உடம்பு என்று தோன்றவில்லையா?

விற்கிற பெண் பாவம், சின்னப் பெண். "அதான்க்கா இப்ப ஓடுது. போட்டா குட்டி ஹீரோயின் மாதிரி இருப்பா" என்றாள்.

"ஹீரோயின் இல்லம்மா. ஒண்ணாவது படிக்கிறா" என்றேன்.

பஜார் முனையில் புதிதாக ஏ.சி. கடை வந்திருக்கிறது. அங்கே இருந்தது. பருத்தி கவுன், பை வைத்தது, நாம் தைப்பது போலவே. தர்ஷினி பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். நான் விலைச் சீட்டைத் திருப்பினேன். வீட்டு வாடகையில் கை வைத்தால்தான் எடுக்க முடியும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கையைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு, "வேணாம் பெரிம்மா, போலாம்" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பணம் இருக்கிறவன் பிள்ளைக்குப் பருத்தி, இல்லாதவன் பிள்ளைக்கு ஜிகினா என்று யார் பிரித்து வைத்தது? வெயிலில் நடந்து பள்ளிக்கூடம் போகிறது எந்தப் பிள்ளை? கரண்ட் போனால் வேர்த்து விறுவிறுத்துத் தூங்குகிறது எந்தப் பிள்ளை? பருத்தி யாருக்கு அதிகம் வேண்டும்?

திரும்பவும் அந்தச் சின்னப் பெண் விற்கிற கடைக்கே வந்தோம். அரிக்காத நெட்டாக ஏதாவது தேறுமா என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் இறங்கித் தேட ஆரம்பித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவளைக் காணோம். பார்த்தால் எதிர்ச் சுவர்ப் பக்கம் நிற்கிறாள். அது பையன் துணி மாட்டியிருக்கும் இடம். கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, நீல டிராயர். அந்த டிராயர் பையில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நின்றாள்.

"பெரிம்மா, இதுல பாக்கெட்டு கீது. ரெண்டு கீது."

போய்த் தொட்டுப் பார்த்தேன். பருத்தி. நல்ல கனம். உள்ளே திருப்பிப் பார்த்தால் தையல் சுத்தம், பட்டன் இழுத்தாலும் அசையவில்லை. விலையோ அந்த ஜிகினாவை விடக் குறைவு. ஒரே கடை, ஒரே வயசு, நடுவில் நாலடி இடைவெளி. இந்தச் சுவரில் ஓடுவதற்குத் துணி, அந்தச் சுவரில் நின்று காட்டுவதற்குத் துணி. இத்தனை வருஷம் நீயும் நானும் அந்தச் சுவரிலேயே நின்று கத்திக்கொண்டிருந்திருக்கிறோம், இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"அது பையன் துணிக்கா" என்றாள் விற்கிற பெண்.

"துணிக்குத் தெரியுமாம்மா அது?" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள். போட்டுப் பார்க்கச் சொன்னதும் தர்ஷினி கடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாள். சரி என்று கட்டச் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை உன் படத்துக்குக் கதம்பம் போட்டு, மஞ்சள், வளையல், பச்சைப் புடவை, உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு எல்லாம் வைத்து, பக்கத்தில் சட்டையும் டிராயரும் வைத்தோம். படைத்து முடித்து, கற்பூரம் காட்டுவதற்கு முன்னால் பிள்ளைக்குப் போட்டு விட்டேன். அப்போதுதான் ஆர்.கே.பேட்டையிலிருந்து உன் நாத்தனார் வந்து சேர்ந்தார், கையில் கவரோடு. கவரைப் பிரித்தார். தங்கக் கலர் நெட், தோளில் கயிறு.

"இன்னா கோலம் இது? பொட்டப் புள்ளைக்கு ஆம்பளப் புள்ள துணியா? நாலு பேரு வர்ற எடத்துல, அவங்கம்மா படத்துக்கு முன்னாடி இப்டியா நிக்க வெப்பீங்க?"

அவரைக் குறை சொல்லி என்ன பிரயோசனம். இந்த வருஷம் நெல் விற்ற காசில் மனசாரச் செலவு செய்துதான் வாங்கி வந்திருக்கிறார். பளபளவென்று இருப்பதுதான் பாசம் என்று அவருக்கும் எவனோ விற்றிருக்கிறான். ஆனால் அவர் பிள்ளையின் தோளைப் பிடித்துத் திருப்பியதும், தர்ஷினி தன் சட்டையின் முதல் பட்டனைக் கழற்ற ஆரம்பித்தாள் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மாத்த வேணாம். அது அவளுக்கு அரிக்கும்" என்றேன்.

"நீ யாரு அவளுக்கு? சொந்தமா பந்தமா? கம்பெனில பக்கத்துல ஒக்காந்துக்கினு இருந்தவதான?"

உன் வீட்டுக்காரர் கற்பூரத் தட்டோடு நின்றார், யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல். உன்னோடு எத்தனை கடையில் நின்று வாயாடியவள், உன் படத்துக்கு முன்னால் ஊமையாக நின்றேன். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே.

தர்ஷினிதான் பேசினாள். கையை பட்டனிலிருந்து எடுத்துவிட்டு, "அத்த, எனக்கு இதான் வேணும்" என்றாள்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் இன்னொரு முறை கவுனை நீட்டினார். "வேணாம். இதான் வேணும்." ஒரு வருஷம் கழித்து அந்தப் பிள்ளை வாயிலிருந்து வேணும் என்று ஒரு சொல். உன் வீட்டுக்காரர் திரும்பி, "விடுக்கா. அது கேக்குதுல்ல" என்று சொல்லிக் கற்பூரத்தைக் கொளுத்தினார். பிள்ளை உன் படத்தைக் கும்பிட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிப்போனாள். நான் அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

உன் பொருளையெல்லாம் உன் ஆட்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். வெள்ளிக் கொலுசு உன் தங்கைக்கு, பட்டுப்புடவை நாத்தனாருக்கு. நான் எதையும் கேட்கவில்லை, கேட்கிற முறையும் எனக்கு இல்லை. ஆனால் உன் கோபத்தை யாரும் தொடாமல் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதை நான் எடுத்துக்கொண்டேன். அதுதான் இப்போது என்னிடம் இருக்கிறது.

உன் நாத்தனார் கேட்டதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு இருக்கிறது, அவரிடம் சொல்ல வேண்டியதில்லை, உன்னிடம் சொன்னால் போதும். தீபாவளிக்குள் அவள் இன்னும் வளர்ந்துவிடுவாள். அந்தச் சுவரில் அதே ஜிகினாவும் பஞ்சும்தான் தொங்கும். அவள் எனக்கு முன்னால் போய் நின்று, தனக்கு எது வேணும் என்று கேட்பாள். கொடுக்காவிட்டால் நான் கத்துவேன். நான் யார் என்று எவனாவது கேட்டால், அவளுக்குத் துணி எடுக்கிறவள் என்பேன்.