இன்னும் துறைமுகத்தில்

ஜூன் 11
என் நாவலுக்கு இன்னொரு முகவரும் கையை விரித்துவிட்டார். "தங்கள் எழுத்து எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை." இந்த வரியை எல்லோருக்கும் ஒரே வாத்தியார்தான் எழுதிக் கொடுப்பாரோ? கடையில் நாள் முழுக்க மூக்குக்கண்ணாடிகளுக்குத் திருகு முடுக்கியதில் கண் எரிகிறது.

ஜூன் 14
பெரிய பதிப்பகங்கள் புது ஆளின் நாவலை நேராக வாங்குவதில்லை. இலக்கிய முகவர் ஒருவர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முகவர்களோ முதல் மூன்று அத்தியாயம் போதும் என்கிறார்கள். அதனால் அந்த மூன்றையும் மறுபடி இழைத்து, வேறு சில முகவர்களுக்கு அனுப்பினேன்.

அக்காவும் மாமாவும் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். முகவர் என்றால் மாமாவுக்குப் பிடிபடவில்லை. "ஏஜென்ட்னா பாத்து இரும்மா, கடைசில பாலிசி எடுக்க வச்சிருவாங்க" என்றார். அக்கா தாள்களைப் புரட்டிவிட்டு அலுத்துக்கொண்டாள். "இதையே எத்தன தடவடி படிக்கிறது? அவ கப்பல்ல ஏறினாளா இல்லையா, அதச் சொல்லு."

என் நாயகி பெட்டியோடு துறைமுகத்தில் நிற்பதோடு மூன்றாம் அத்தியாயம் முடிகிறது. இலக்கியம் இவளுக்கு எங்கே புரியப்போகிறது என்று எரிச்சலாக இருந்தது.

ஜூலை 2
பதில் இல்லை.

ஜூலை 19
பதில் இல்லை. மெயிலைத் திறந்து திறந்து விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஆகஸ்ட் 5
வந்துவிட்டது. ஒரு முகவர் முழு நாவலையும் கேட்கிறார்! துறைமுகத்தில் நிற்கும் பெண்ணை விட்டு வர மனமில்லையாம். கடைக் கழிவறையில் போய் அழுதேன். ஜலதோஷமா என்று முதலாளி கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 6
அனுப்புமுன் ஒரு பார்வை பார்க்கலாமே என்று நான்காம் அத்தியாயத்தைத் திறந்தேன்.

ஐயோ.

இங்கிருந்து கடைசிவரை எழுதி ஐந்து வருஷம் இருக்கும். அப்புறம் தொடவே இல்லை. முதல் மூன்றில் வாய் திறக்காதவள் இதில் மூச்சுவிடாமல் பிரசங்கம் செய்கிறாள். அவள் அப்பாவைப் போன வருஷம்தான் இரண்டாம் அத்தியாயத்தில் சாகடித்தேன் — மனுஷர் இங்கே நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற என் கண்ணுக்கு இது எப்படித் தப்பியது?

கேட்டது மூன்று. நானும் மூன்றோடு நின்றுவிட்டேன்.

ஆகஸ்ட் 9
அப்படியே அனுப்பிவிடலாமா? ஆரம்பத்தில் மயங்கினவர் மிச்சத்தைப் பொறுத்துக்கொள்ள மாட்டாரா? எனக்கே பொறுக்கலையே. இத்தனை நாள் கதவத் தட்டிட்டு, தெறந்தப்புறம் வரலன்னு எப்படிச் சொல்றது? போதும்டா சாமி.

ஆகஸ்ட் 10
மிச்சம் தயாராக இல்லை என்று உள்ளதை எழுதி அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 17
முகவரின் பதில்: "முடித்ததும் அனுப்புங்கள். எடுத்துக்கொள்வேன் என்று வாக்குத் தர முடியாது. படிப்பேன்."

செப்டம்பர் 28
இரண்டு பக்கம். கிழித்தேன்.

நவம்பர் 23
அக்காவிடம் புது நான்காம் அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து மாமா கூப்பிட்டார். அவள் காதில் விழவில்லை. மறுபடி கூப்பிட்டார். தாள் புரளும் சத்தம்தான் கேட்டது.

கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நிமிராமலே கையை நீட்டினாள்.

"அஞ்சாவது எங்க?"

"இன்னும் எழுதலக்கா."

எழுந்து வந்து என் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினாள். "போய் உக்காரு. இத நான் பாத்துக்கறேன்."