கறுப்புக் காருக்குக் கேன் தண்ணீர்

கெசியா,

உன்னை எழுப்ப மனசு வரவில்லை. குடிக்க வைத்திருந்த மூன்று கேன் தண்ணீரையும் வேனில் ஏற்றிவிட்டேன். கத்துவதற்கு முன் முழுசாகப் படி.

நேற்று மேடவாக்கம் அபார்ட்மென்ட் செக்ரட்டரியின் கறுப்புக் காரை நம் வீட்டு போர் தண்ணீரில் கழுவினேன். காய்ந்ததும் கார் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளி. "நாளைக்குள்ள பழையபடி ஆக்கிக் குடுக்கலைன்னா உங்க வேன் இந்த கேட்டைத் தாண்டாது" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு இடத்தை நம்பித்தானே கார் கழுவும் தொழிலுக்கென்று வேனில் டேங்க், பம்ப், ஜெனரேட்டர் எல்லாம் பொருத்தினேன்!

டேங்க் வைத்த அன்றே நீ கேட்டாய், "இந்தத் தண்ணியில என் பாத்திரமே வெளுத்துப்போகுது, கார் என்ன ஆகும்?" நான்தான் உன் மேல் எரிந்து விழுந்தேன்.

ஊறுகாய்க்கு வாங்கிய வினிகரும் என்னிடம் இருக்கிறது. புள்ளி அதில் போகுமாம். அதற்கப்புறம் கேன் தண்ணீரில் அலச வேண்டும். போகாவிட்டால் என்ன செய்வேன், கெசியா?

சாயங்காலம் ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு டீ போடத் தண்ணீர் இல்லை. கேன்காரர் போனை எடுக்கவில்லை. மாடி வீட்டு சாராள் அக்காவிடம் ஒரு குடம் கேள்.

உன் மாத்திரைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஃபிரிட்ஜ் மேல் மூடி வைத்திருக்கிறேன்.

ஆபேல்

பி.கு: "வேலையில்லாத சகோதரன் ஆபேலை நினைத்தருளும்" என்று போன வாரம் மாதிரி பாஸ்டர் இன்றைக்கும் ஜெபிக்க வேண்டாம். கார் கழுவுகிற ஆபேல் என்று சொல்லச் சொல். இன்று மட்டுமாவது.