சொறி பட்டதுதான் என்றாள் அம்மா

இன்று காலை எதிர்வீட்டு அண்ணன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே வாசலில் வந்து நின்றார். வலையோடு சொறிமீன், அந்த ஜெல்லிமீன், ஏறிக் கையில் பட்டுவிட்டதாம். “கொஞ்சம் புளி கரைச்சுக் குடும்மா, நெருப்பா எரியுது” என்றார். வெந்நீரில் புளியைப் பிசைந்தபோது எழுந்த வாசனையில் நீ வந்துவிட்டாய், தம்பி.

உனக்கும் அம்மா இப்படித்தான் கரைத்தாள். அந்த வருடம் முழுக்க உன் உடம்பு அரித்துக்கொண்டே இருந்தது. மூக்கைத் தேய்ப்பாய், கழுத்தைச் சொறிவாய், தட்டில் சோறு இருக்க உட்கார்ந்தபடியே கண் சொருகுவாய். நான் கேட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும். “வலை இழுக்கறவனுக்கு அரிக்காம இன்னா செய்யும்? சொறி பட்டிருக்குடி. ராத்திரியெல்லாம் ஏரியில நின்னவன் தூங்காம ஆடுவானா?” உன்னில் எது மாறினாலும் கடல்நீர் கலக்கும் நம் ஏரி அதற்கொரு காரணம் வைத்திருந்தது.

நீயோ சிரித்தாய். நம் ஊர் டச்சுக்காரர் கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டைக் காட்டி, “என்னவிட இவன் கொஞ்சம் சதப்பிடிப்பா இருக்கான்க்கா” என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு சாயங்காலம் மின்சாரம் போயிருந்தது. சமையலறையில் எனக்குப் பாத்திரங்களே சரியாகத் தெரியவில்லை. உன்னை ஜன்னல் பக்கம் திருப்பி முகவாயை நிமிர்த்தினேன். அந்த அரையிருட்டில் அகலமாக விரிந்திருக்க வேண்டிய கண்மணி கடுகாய்ச் சுருங்கிக் கிடந்தது. கல்லூரியில் விலங்கியல் படித்தவள் நான்; சில வலி மாத்திரைகளின் போதை கண்மணியை இப்படிச் சுருக்கும் என்று தெரியும். இதற்கு மட்டும் ஏரியிடம் காரணம் இல்லை.

“இன்னாக்கா, கண்ணுல படம் ஓடுதா?”

“இன்னா மாத்திரைடா போடற?”

உன் சிரிப்பு நின்றது. “முதுகு வலிக்குதுனு ஆரம்பிச்சேன். இப்ப மாத்திரை இல்லன்னாதான்க்கா வலி.”

கண்டுபிடித்துவிட்டால் பாதி சரியாகிவிடும் என்று நம்பியிருந்தேன். திட்டினேன், அழுதேன், சென்னைக்குச் சிகிச்சைக்கு அழைத்துப் போனேன். நீயாகவும் விட்டுப் பார்த்தாய். வியர்த்து, மூக்கு ஒழுகி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கம்பளிக்குள் நடுங்கினாய். குளிர் ஜுரம் என்று அம்மா கஞ்சி வைத்தாள். மறுபடி தொடங்கினாய், மறுபடி சிகிச்சை. இரண்டாம் முறை திரும்பியபோது உன் கன்னத்தில் சதை வந்திருந்தது. மருத்துவர் என்னைத் தனியாக அழைத்துச் சொல்லி அனுப்பினார்: “வழக்கமில்லாத மாதிரி குறட்டை விட்டா எழுப்பிப் பாருங்க. எழலன்னா உடனே தூக்கிட்டு வாங்க.”

ஏரியில் நம் வீட்டுக்கு வலை போடும் முறை, பாடு, வந்தது. நீ போனாய். காலையில் மற்றவர்கள் மீனோடு இறங்கிப் போக, நீ படகிலேயே படுத்துவிட்டாய். குறட்டை கரைவரை கேட்டதாம். “பாடு முடிச்சு வந்த புள்ள, அசந்து தூங்குது. எழுப்பாதீங்க” என்று சொல்லி, நம் அத்தை தன் துண்டை வெயில் படாமல் உன் முகத்தில் போட்டுவிட்டுப் போனாள். அத்தனையும் அன்பு. அது தூக்கமில்லை என்று தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆளான நான் வெளியூரில், ஆரம்பாக்கத்தில், வேலையில் இருந்தேன். சில வாரம் மாத்திரை இல்லாமல் இருந்த உடம்பு மறுபடி போட்ட பழைய அளவைத் தாங்காமல் மூச்சு நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

அத்தையிடம் குறட்டையைப் பற்றி நான் பேசியதே இல்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

இன்று புளிக்கிண்ணத்தை நீட்டும்போது எதிர்வீட்டு அண்ணனின் கண்ணைத்தான் முதலில் பார்த்தேன். “இன்னாம்மா, பட்டது கையிலமா” என்றார். சாதாரணக் கண்தான். வேறு மாதிரி இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் செய்கிறேன். கரையோரப் படகில் யாராவது குறட்டை விட்டுத் தூங்கினால் தோளைப் பிடித்து உலுக்கிவிடுகிறேன். “மனுசன தூங்க வுட மாட்டியா?” என்று கத்துகிறார்கள். அந்தத் திட்டைக் கேட்ட பிறகுதான் அங்கிருந்து நகர்கிறேன்.