அப்பா தண்ணீர் கேட்டார்

ஜூலை 12, 1994. செவ்வாய். தூறல்.

பொய் என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு வாக்கியத்துக்குப் பதில் வேறொன்று. அவ்வளவுதான்.

அப்பா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இருபது நாள். தலையில் தையல் பிரித்து வீட்டுக்கு வந்தாயிற்று. அம்மாவையும் என்னையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னடம் முழுக்கப் போய்விட்டது. மிச்சம், அவர் பிறந்த ஹனூர்ப் பக்கத்துத் தமிழ். அம்மா கன்னடக்காரி. தமிழ் ஒரு சொல் புரியாது. நடுவில், இரண்டும் தெரிந்த நான்.

டாக்டரிடம் அம்மா: "இருபத்தாறு வருஷம் என்கூடச் சண்டை போட்ட கன்னடம் சார். எங்கே போச்சு?" டாக்டர் சிரித்தார். அம்மாவும்.

இன்று கஞ்சி ஊட்டும்போது அப்பா கூரையைப் பார்த்துப் பேசினார்.

"என்ற தம்பிய மம்புட்டில போட்டுட்டனுங்க. வாய்க்காத் தண்ணிக்கு. மண்டை பொளந்து போச்சு. கெணத்துல தள்ளி மேல கல்லப் போட்டேன்."

"ஏனு ஹேள்தாரே?" அம்மா என்னிடம். என்ன சொல்கிறார்.

தண்ணீர் கேட்கிறார் என்றேன். டம்ளரில் கொண்டுவந்தாள். குடித்தார்.

ஜூலை 13. புதன்.

வாங்க: டெட்டால், பஞ்சு, ரவை அரை கிலோ. தேவராஜா மார்க்கெட்டில் பூ. (பூ மறந்தேன்.)

உடன்பிறந்தவர் யாருமில்லை என்று சொல்லித்தான் அப்பா அம்மாவைக் கட்டிக்கொண்டார். அடிபட்ட மூளையின் உளறல்? சோதித்தேன். தம்பி பேர் என்ன?

"பழனி." யோசிக்கவே இல்லை.

கல்யாணம் ஆனவனா?

"ராசாத்தி. பெங்களூருக்கு வேலைக்குப் போயிருக்கான், வந்துருவான்னு அவகிட்டச் சொல்லிப்போட்டு வந்துட்டேன்."

பிறகு கை நீட்டினார். வாசலில் அம்மா, துணி உதறிக்கொண்டு. "அந்தப் பொம்பள பாத்துட்டா. அவள உட்டா ஆகாது."

அம்மா உள்ளே வந்து என்ன என்றாள். நன்றாகப் பார்த்துக்கொள்கிறாயாம் என்றேன். வெட்கப்பட்டாள்.

எனக்குச் சைக்கிள் பழக்கிய கை. சீட்டைப் பிடித்தபடி கூடவே ஓடிவந்த கை.

ஜூலை 14. வியாழன். வெயில்.

கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கத்தல். "கிட்ட வந்தே, கொன்னு போடுவேன்."

அவர் கத்தினால் தண்ணீருக்கு என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். டம்ளரோடு போயிருக்கிறாள்.

ஓடிப் பார்த்தபோது அம்மா தரையில். அவர் முட்டி அவள் நெஞ்சில், இரு கையும் கழுத்தில். தலையைத் தூக்கித் தூக்கித் தரையில் மோதினார். காதிலிருந்து ரத்தம். கையோடு வந்த தோசைக்கல்லால் அவர் மணிக்கட்டில் அடித்தேன். மூன்றாவது அடியில் எலும்பு முறிந்தது. சத்தம் கேட்டது. விட்டார்.

குரல் திரும்பியதும் அம்மா: "தண்ணிதானே கேட்டார்?"

ஜூலை 15. வெள்ளி.

ஆஸ்பத்திரி. அப்பாவின் நல்ல கை கட்டில் கம்பியோடு கட்டியிருக்கிறது. அம்மா வேறு வார்டில். கழுத்தில் விரல் தடங்கள், கறுத்து.

அப்பா சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். கன்னடத்தில், வாக்கியம் வாக்கியமாக, எதையும் மாற்றாமல். தண்ணீர் என்று நான் சொன்னதையும்.

அழவில்லை. திட்டவில்லை. கேட்டாள்: "அந்த ராசாத்தி இன்னும் குங்குமம் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காளா?"

தெரியாதும்மா.

"போய்ச் சொல்லு."

போலீஸ் வரும்.

"வரட்டும்."

ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டு. கொள்ளேகால் வழி வண்டி. ஹனூருக்கு ஒரு டிக்கெட் வாங்கினேன்.