அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்காத நாட்கள்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதறேன். நீ அங்க வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பாத்துக்கறேன்னு நம்பறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், இதை எழுத இந்தத் தடவை கை தயங்கல. ஃபோன்ல சொல்லாம எதுக்குக் கடிதம்னு கேப்பே. ஃபோன்ல பேசறப்ப உங்கப்பா காதைத் தீட்டிக்கிட்டுப் பக்கத்துலயே உக்காந்துடறாரு. இப்ப மத்தியானச் சாப்பாடு முடிச்சு அசந்து தூங்கறாரு. ஜன்னல் திரை காத்துல பொங்கிப் பொங்கி அடங்குது, அவர் கழுத்துல மூச்சு விடற துளைக்கு மேல கட்டின துணியும் அதே மாதிரி ஏறி இறங்குது, எது எதைப் பாத்துச் செய்யுதுன்னே தெரியல, பாத்துக்கிட்டே இருந்தா எனக்கும் கண்ணு சொக்குது.

உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். தொண்டையில ஆபரேஷன் பண்ணிக் குரல்வளையை எடுத்தப்ப நீ வந்து பத்து நாள் இருந்துட்டு, அப்பா தேறிட்டாருன்னு நிம்மதியாத்தான் விமானம் ஏறினே. நீ போன ரெண்டாம் நாளே தையல் போட்ட இடத்துல சீழ் வெச்சுக் காய்ச்சல் ஏறிடுச்சு, அஞ்சு நாள் ஆகியும் இறங்கல. பெரிய டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, இப்ப மாத்தியிருக்கற மருந்தும் கேக்கலன்னா கஷ்டம்மா, பிள்ளைங்களுக்குச் சொல்லிடுங்கன்னாரு. நான் சொல்லல. லீவு முடிஞ்சு போன பொண்ணை மறுபடி எப்படி இழுக்கறதுன்னு நினைச்சேன், தப்புதான், திட்டணும்னா திட்டிக்கோ. மைதானத்தோட அந்தக் கோடி வரைக்கும் கேக்கற மாதிரி இருபத்தெட்டு வருஷம் பிள்ளைங்களை விரட்டின டிரில் மாஸ்டர், ஒரு வாய் தண்ணிக்குக் கட்டில் கம்பியைத் தட்டறாரு. கடவுள் மேல எனக்கு அப்படி ஒரு கோபம். தினம் காலையில கண்ணை மூடி ரெண்டு நிமிஷம் நிப்பேனே, அதை விட்டுட்டேன். உன் அத்தை வந்து வேண்டிக்கோங்க அண்ணின்னப்ப, எனக்கும் சேத்து நீயே வேண்டிக்கோன்னு வெடுக்குன்னு சொல்லிட்டேன், பாவம், அழுதுட்டுப் போனா.

ஆறாம் நாள் அவர் சட்டையை அலசிக் காயப்போட ஆஸ்பத்திரி மொட்டை மாடிக்குப் போனேன். கொடி கொடியா வெள்ளை விரிப்பு, நாலு பக்கமும் வெள்ளை, வெயில் அதுக்குள்ள புகுந்து பால் மாதிரி நிக்குது. கீழ ரோட்டுல போற வண்டிச் சத்தமெல்லாம் தண்ணிக்கடியில கேக்கற மாதிரி இருக்கு. வந்த வழி எந்தப் பக்கம்னு தெரியாம ஈரச் சட்டையோட நடுவுல நின்னுட்டேன். அப்ப விரிப்புக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, அந்த முனையைக் கொஞ்சம் பிடிம்மான்னு ஒரு குரல். எங்க வார்டைக் கூட்டித் துடைக்கற ஆயாம்மாதான். பிடிச்சேன். இழுத்து, உதறி, கிட்ட வந்து, விலகி, மறுபடி கிட்ட வந்து மடிச்சுக்கிட்டே இருந்தோம், நேரம் போனதே தெரியல. நடுவுல அவங்களே சொன்னாங்க, அவங்க மகள் இதே வார்டுலதான் கண்ணை மூடுச்சாம், அப்புறம்தான் இந்த வேலையைக் கேட்டு வாங்கினாங்களாம். எப்படிம்மா மனசு வந்துச்சுன்னேன். வீட்டுல இருந்தா ஏன் ஏன்னு மனசு கேட்டுக்கிட்டே கெடக்கும், இங்க யாருக்காவது ஒரு தலைகாணியை நிமித்தி வெச்சா அந்த மனசு கொஞ்ச நேரம் தூங்குதும்மான்னாங்க. சாமி கும்பிடுவீங்களான்னு கேட்டேன். கும்பிடாம, யாருகிட்டப் போய்ச் சண்டை போடறதுன்னு சிரிச்சாங்க.

கீழ வந்து பாத்தா அதே காய்ச்சல், அதே கொதிப்பு. ஆனா அன்னிக்கு அவர் நெத்தித் துணியை மாத்திக்கிட்டே கண்ணை மூடினேன். காப்பாத்துன்னு கேக்க வாய் வரல. கொஞ்சம் சண்டை போட்டேன், அப்புறம் எங்க கூடவே இருன்னு மட்டும் சொன்னேன். பயம் போயிடுச்சு சிட்டு, எங்க போச்சுன்னே தெரியல. காய்ச்சல் அதுக்கப்புறம் ரெண்டு நாள் கழிச்சுத்தான் இறங்குச்சு. நான் கும்பிட்டதால இறங்குச்சுன்னு சொல்ல மாட்டேன், மருந்து கேட்டுச்சு. இறங்காத அந்த ரெண்டு நாளும் நான் எப்படி அமைதியா இருந்தேன்கறதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். அத்தைகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்.

இப்ப வாரம் ரெண்டு நாள் பேச்சுப் பயிற்சி. காத்தை விழுங்கி ஏப்பம் விடற மாதிரி எழுப்பி, அதை வார்த்தையாக்கணும். நாலு மாசமா முக்கி முக்கிப் பாத்தவர் நேத்து சாப்பிடறப்ப என் முகத்தைப் பாத்து முதல் வார்த்தை சொல்லிட்டாரு. என் பேரோ உன் பேரோ இல்ல, உப்பு! குழம்புல போட மறந்துட்டேன். அழுதுக்கிட்டே போய் எடுத்துட்டு வந்தேன்.

வேளைக்குத் தூங்கு, இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. உன் மனசுக்கு எப்பவும் ஒரு துணை இருக்கணும், நீ தொட்டதெல்லாம் நல்லபடியா முடியணும், அம்மா அப்பா ஆசீர்வாதம். ஞாயித்துக்கிழமை ஃபோனை அப்பாகிட்டயே தர்றேன். பதில் வரலன்னு வெச்சுடாதே, பேசிக்கிட்டே இரு. நடுநடுவுல புஸ் புஸ்னு காத்துச் சத்தம் கேக்கும், லைன் கோளாறுன்னு நினைச்சுக்காதே, அப்பா சிரிக்கறாரு.

என்றும் உன் நினைவோட,
அம்மா